சகலை வீட்டுக் காற்றுக்குழாய்

எந்த வரைபடத்திலும் தேடிக் கிடைக்காத ஒரு மூலையில் தாழைநாடு என்றொரு நாடு இருந்தது. ஆற்றங்கரையெல்லாம் தாழம்புதர் மண்டிக் கிடந்ததால் வந்த பெயர். அங்கே மன்னர் ஒருவர் இருந்தார். மன்னர் இருந்தாலும் தேர்தலும் உண்டு. மக்கள் அமைச்சர்களைத் தேர்ந்தெடுப்பார்கள். அமைச்சர்கள் மன்னரிடம் போய் மக்கள் நலமாக இருப்பதாகச் சொல்வார்கள். மன்னர் "அப்படியா, மகிழ்ச்சி" என்பார். ஆட்சி என்பது அங்கே இவ்வளவுதான்.

அந்த ஆட்சியில் கழிவுநீர் மற்றும் நன்னடத்தைத் துறைக்கு அமைச்சராக இருந்தவர் வச்சிரவேலர். தடித்த உடம்பு, மெல்லிய மனம். அவருடைய காலத்தில் தாழைநாட்டில் இயற்றப்பட்ட சட்டங்களைப் பற்றி அறிஞர்கள் பலவிதமாக எழுதியிருக்கிறார்கள். பொருளாதாரம் என்கிறார்கள், வரலாற்றின் தேவை என்கிறார்கள். உண்மையில் அவை அத்தனையும், அமைச்சரின் மாமனார் காலையில் எழுந்து எங்கே போனார் என்பதிலிருந்து தொடங்கியவை.

கழிப்பறை விஷயத்தை இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். முகம் சுளிக்க வேண்டாம், எல்லோர் வீட்டிலும் இருப்பதுதான். கோப்பைக்குக் கீழே குழாய் ஒரு வளைவு வளைந்து போகும். அந்த வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நிற்கும். மண்ணுக்கடியில் கழிவு சேரும் தொட்டியிலிருக்கும் கெட்ட காற்று வீட்டுக்குள் வராமல் மறிப்பது அந்தத் தண்ணீர்தான். வாளியை மொத்தமாகக் கவிழ்க்கும்போது, இறங்குகிற நீர் பின்னாலிருந்து காற்றை இழுக்கும். மேலே காற்று வர ஒரு வழி இருந்தால் அதிலிருந்து இழுத்துக்கொள்ளும். வழி இல்லையென்றால் வளைவில் நிற்கிற தண்ணீரையே உறிஞ்சிக்கொண்டு போய்விடும். அப்புறம் தொட்டிக்கும் கூடத்துக்கும் நடுவே மறைப்பு ஒன்றும் இருக்காது. இதற்காகத்தான் கொத்தனார்கள் கழிவுக் குழாயிலிருந்து ஒரு காற்றுக்குழாயைப் பிரித்து, மொட்டைமாடிக்கு மேலே ஆளுயரத்துக்குக் கொண்டுபோய், அதன் வாயில் வலை கட்டி விடுவார்கள். தாழைநாட்டில் இது எல்லோருக்கும் தெரியும். வச்சிரவேலருக்கும் தெரியும்.

தெரிந்தும் அவர் வீட்டில் குழாய் இல்லை. வீட்டு முகப்பின் உச்சியில் இரண்டு சுதைச் சிங்கங்கள், நடுவே "வச்சிர விலாசம்" என்று பொன்னெழுத்து. கொத்தனார் குழாயை ஏற்றியபோது, வீதியிலிருந்து பார்த்தால் அது சரியாக இடப்பக்கச் சிங்கத்தின் தலைக்குப் பின்னால் கறுப்பாக நீட்டிக்கொண்டு நின்றது. "என் பெயருக்கு மேலே கக்கூஸ் குழாயா?" என்று கேட்டார் அமைச்சர். குழாய் அன்றைக்கே இறங்கிவிட்டது.

அதன் பிறகு அந்த வீட்டில் யாராவது வாளித் தண்ணீரை ஊற்றினால் குளியலறைச் சாக்கடை களக் களக் என்று பேசியது. சமையலறைத் தொட்டி பதில் சொன்னது. சாம்பிராணி எவ்வளவு போட்டாலும், சாம்பிராணியும் அதுவும் கலந்த ஒரு மூன்றாவது வாசனைதான் மிஞ்சியது. பார்க்க வந்த அதிகாரிகள் வீட்டின் காற்றோட்டத்தைப் புகழ்ந்துவிட்டுச் சீக்கிரமாகப் புறப்பட்டார்கள்.

அப்படியிருக்கும்போதுதான் மாமனார் ஆபத்சகாயம் மூத்த மகள் வீட்டில் தங்க வந்தார். கோட்டைக் காவலில் இருந்து ஓய்வு பெற்றவர், மெதுவாகப் பேசத் தெரியாதவர். வந்த மறுநாள் விடிந்ததும் கழிப்பறைக் கதவைத் திறந்தார், மூடினார், குடையை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினார். மூன்று தெரு தள்ளி, பள்ளத்தெருவில், இளைய மகள் நீலவேணியின் வீடு. அவள் கணவர் தணிகாசலம் தாழம்பாய்க் கடை வைத்திருந்தார்.

"என்ன பெரியவரே, காலங்காத்தால குடையோட?" என்று தெருவில் யாரோ கேட்டார்கள்.

"சின்ன மாப்ள வீட்டுக்குப் போறேன்பா. அவசரம். வந்து பேசுறேன்!"

கோட்டை மதிலிலிருந்து கூப்பிட்டுப் பழகிய குரல். அமைச்சர் வீட்டுப் பெரியவர் காலைக்கடனுக்குப் பாய்க்கடைக்காரர் வீட்டுக்குப் போகிறார் என்பது அந்த வாரத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. அடுத்த வாரம் அமைச்சரின் மனைவி குமுதவல்லியும் அப்பாவுக்குத் துணையாகப் போகத் தொடங்கினாள். திரும்பி வரும்போது இரண்டு பேர் முகத்திலும் ஒரு தெளிவு இருந்தது. அந்தத் தெளிவைப் பார்க்கப் பார்க்க வச்சிரவேலருக்கு வயிறு எரிந்தது.

நேரில் பார்த்துவிடுவது என்று ஒருநாள் நலம் விசாரிக்கும் சாக்கில் அவரும் போனார். தணிகாசலம் வாசல்வரை வந்து அழைத்துப்போனார்.

"வாங்க சகலை, வாங்க. நீலா, மோர் கொண்டா."

"மோர் இருக்கட்டும். கொஞ்சம் ஒதுங்கணும்."

"தாராளமா. இது உங்க வீடு மாதிரி."

உள்ளே போய்த் தாழிட்டுக்கொண்ட அமைச்சர் மூச்சை இழுத்துப் பார்த்தார். ஒன்றுமில்லை. மறுபடி இழுத்தார். சுண்ணாம்பு வாசனை மட்டும் லேசாக வந்தது. ஒரு வாளி ஊற்றினார். தண்ணீர் மறுபேச்சு இல்லாமல் இறங்கிப் போனது. இன்னொரு வாளி ஊற்றிவிட்டு, தாழைநாட்டின் கழிவுநீர் மற்றும் நன்னடத்தைத் துறை அமைச்சர், யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, குனிந்து கோப்பைக்குப் பக்கத்தில் மூக்கை வைத்துப் பார்த்தார். அப்போதும் ஒன்றுமில்லை. நாட்டுக்கே ஆணை போடுகிற எனக்கு இல்லாதது, பாய் விற்கிற இவனுக்கு வாய்த்திருக்கிறதே என்று நினைத்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

வெளியே வந்தவரிடம் தணிகாசலம் ஒரு செம்பு மோரை நீட்டினார். "மேல ஒரு குழாய் விட்டாப் போதும் சகலை. எங்க கொத்தனார அனுப்பட்டுமா? ஒரு நாள் வேலை." அதை அவர் கேலியாகச் சொல்லவில்லை. அக்கறையோடு சொன்னார். அமைச்சரால் தாங்க முடியாமல் போனது அந்த அக்கறைதான். சகலை ஏளனமாக ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், தாழைநாடு ஒருவேளை தப்பித்திருக்கும்.

வீட்டில் குமுதவல்லியும் அதையேதான் கேட்டாள்.

"நாமளும் ஒரு குழாய் வெச்சா என்னங்க?"

"உன் தங்கச்சி புருஷன் சொல்லி நான் வெக்கணுமா? அவனப் பாத்து வெச்சேன்னு ஊரே சொல்லும்."

"யாரப் பாத்து வெச்சா என்ன? நாத்தம் போனாச் சரிதானே?"

"நம்ம வீட்ல நாத்தமா? என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு. நம்ம வீட்ல நாத்தமா?"

குமுதவல்லிக்குப் பொய் சொல்ல வராது. அவள் புருஷன் முகத்தைப் பார்த்து, வருத்தத்தோடு, "ஆமாங்க" என்றாள்.

அன்றிலிருந்து வச்சிரவேலருக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். பதவி இருந்தது, சிங்கம் இருந்தது, மன்னரின் சிரிப்பு இருந்தது. தன் மனைவி தன் வாயால், "நம்ம வீடுதாங்க மணமா இருக்கு" என்று ஒரே ஒரு தடவை சொல்ல வேண்டும். அதற்கு இரண்டு வழி இருந்தது. ஒன்று, தன் வீட்டில் குழாயை ஏற்றுவது. மற்றது, சகலை வீட்டுக் குழாயை இறக்குவது. அமைச்சர்களுக்கு எது எளிது என்று சொல்லத் தேவையில்லை.

பேரவை கூடியது. வச்சிரவேலர் எழுந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, வான்வெளி ஒழுங்குச் சட்டத்தை முன்மொழிந்தார்.

"மாண்புமிகு உறுப்பினர்களே! வானம் யாருடையது? அரசினுடையது. ஆனால் இன்று நம் தலைநகரில் அண்ணாந்து பார்த்தால் என்ன தெரிகிறது? வீட்டுக்கு வீடு ஒரு குழாய், அரசின் அனுமதியில்லாமல், அரசின் வானத்தில் வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது. ஒரு குழாய் உயரம், ஒரு குழாய் தாழ்வு. இந்த ஏற்றத்தாழ்வை ஒழிக்க வேண்டாமா? ஆகவே, எந்தக் குழாயும் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவருக்கு மேலே தலைநீட்டக் கூடாது என்று ஆணையிட வேண்டுகிறேன்."

மேசைகள் தட்டப்பட்டன. வயதான உறுப்பினர் ஒருவர் மட்டும் எழுந்து, "அரண்மனைக் கொடிக்கம்பத்துக்கும் இது பொருந்துமா?" என்று கேட்டார். அவையில் சிறு சலசலப்பு. அரண்மனைக் கொடிக்கம்பம் உள்ளே வெற்றுக்குழல் என்பதும், அந்தப்புரக் கழிப்பறைகளின் காற்றெல்லாம் அதன் வழியாகத்தான் மேலே போகிறது என்பதும், அதனால்தான் கொடி எப்போதும் கொஞ்சம் அசைந்துகொண்டே இருக்கிறது என்பதும் மூத்த உறுப்பினர்கள் அறிந்ததுதான்.

"கொடிக்கம்பம் வானத்துக்கு மரியாதை செலுத்துகிறது" என்றார் வச்சிரவேலர். "குழாய் வானத்தை அவமதிக்கிறது. இரண்டையும் ஒப்பிடுவதே தேசத்துரோகம்."

வயதானவர் உட்கார்ந்துவிட்டார். சட்டம் நிறைவேறியது.

ஊரில் குழாய்களையெல்லாம் அறுத்தார்கள். மேலே போய்க்கொண்டிருந்த காற்று இப்போது வடகம் காயப்போட்ட மாடியிலேயே இறங்கி உலாவியது. ஒரு வீட்டுக் காற்று அடுத்த வீட்டு ஜன்னலுக்குள் போனது. அதுவரை கோலமாவு கடன் வாங்கிக்கொண்டிருந்த பெண்கள், "உங்க வீட்டுது எங்க வீட்டுக்குள்ள வருது" என்று சண்டை போட்டுக்கொண்டார்கள். சகலையும் சட்டப்படி அறுத்துவிட்டார். ஆனாலும் குழாய் குட்டையானதே தவிர, அதன் வாய் திறந்துதான் இருந்தது. கழிப்பறைக்குள் எந்தக் கோளாறும் இல்லை. மாமனார் குடையோடு போவதும் நிற்கவில்லை.

அமைச்சர் மறுபடி எழுந்தார். மாடிச் சண்டைகளைச் சுட்டிக்காட்டினார். தனியார் வீடுகளில் உற்பத்தியாகும் காற்றைப் பொதுவெளியில் கொட்டுவது பொறுப்பற்ற செயல் என்றார். "ஒவ்வொரு குடும்பமும் தன் காற்றைத் தானே வைத்துக்கொள்ளட்டும். இதற்குப் பெயர் தன்னிறைவு" என்றபோது அவையில் சிலர் கண்களைத் துடைத்துக்கொண்டார்கள். எல்லாக் குழாய்களின் வாயிலும் மூடி போட்டு, மூடிமேல் அரக்கு முத்திரை வைக்கும்படி ஆணை வெளியானது. மூடி போடும் யோசனை முதலில் தங்களுடையது என்றும், ஆளுங்கட்சி திருடிவிட்டது என்றும் எதிர்க்கட்சியினர் வெளிநடப்புச் செய்தார்கள்.

அதன் பிறகுதான் நாடு முழுவதும் களக் களக் கேட்டது. வீட்டுக்கு வீடு வளைவுகள் வற்றின. குழந்தைகள் சோற்றைத் தள்ளினார்கள். வந்த விருந்தாளிகள் தங்கவில்லை. கூடிவந்த கல்யாணங்கள், பெண் பார்க்க வந்த இடத்திலேயே முறிந்தன. வச்சிரவேலர் இதையெல்லாம் விசாரிக்கவில்லை. அவர் விசாரித்தது ஒன்றே ஒன்றுதான்.

"மாமா, இப்ப எங்க போறீங்க?"

"சின்ன மாப்ள வீட்டுக்குத்தான், மாப்ள."

"அங்கயும் மூடி போட்டாச்சே!"

"போட்டாங்க. ஆனா ஒவ்வொருத்தர் போய்ட்டு வந்தப்புறமும் தணிகாசலம் ஒரு செம்புத் தண்ணிய மெதுவா ஊத்தி வளைவ நிரப்பி வெச்சிடுறாரு. தங்கமான மனுசன். பாய்க்கடையில இருந்தாலும் அதுக்குன்னு ஓடி வந்துடுறாரு."

தங்கமான மனுசன் என்ற சொல் அமைச்சரின் காதுக்குள் போய்த் தங்கிவிட்டது. சாப்பிடும்போது கேட்டது, பேரவையில் கேட்டது. தனக்கு யாராவது அப்படி ஒரு பெயர் சொன்னதுண்டா என்று யோசித்துப் பார்த்தார். மாண்புமிகு என்றிருக்கிறார்கள், மாமேதை என்றிருக்கிறார்கள். தங்கமானவர் என்று யாரும் சொன்னதில்லை. அந்தச் செம்பையும் பிடுங்கினால்தான் தூக்கம் வரும் என்று தோன்றியது.

செம்புக்கு நேராகச் சட்டம் போட வழியில்லை. ஆகவே சத்தத்துக்குப் போட்டார். வீடுகளிலிருந்து கேட்கும் களக் களக் என்ற ஒலி, அரசைப் பற்றிய முணுமுணுப்பு என்று நிபுணர் குழு ஒன்று அறிக்கை கொடுத்தது. முணுமுணுப்புத் தடுப்புப் படை அமைக்கப்பட்டது. வீரர்கள் தெருத்தெருவாகச் சுவரில் காதை வைத்துக் கேட்டார்கள். பிடிபட்டவர்கள், "எங்க வீட்டுச் சாக்கடைதாங்க பேசுச்சு, நாங்க பேசலைங்க" என்று கெஞ்சினார்கள். "சாக்கடைக்குச் சொல்லிக்கொடுத்தது யார்?" என்று கேட்டார்கள் விசாரணை அதிகாரிகள்.

மக்கள் தண்ணீர் ஊற்றவே பயந்தார்கள். அதற்கும் அரசு கருணையோடு ஒரு வழி செய்தது. காலையில் அரண்மனை முரசு முழங்கும். அந்த முழக்கம் கேட்கும்போது மட்டும் எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் ஊற்றிவிட வேண்டும். முரசுச் சத்தத்தில் முணுமுணுப்பு கேட்காது. இதற்கு ஒற்றுமைத் திட்டம் என்று பெயர் வைத்தார்கள். திட்டத்தை மன்னரே தொடங்கி வைத்தார், ஒரு வெள்ளிச் செம்பால்.

ஊர் முழுவதும் ஒரே நேரத்தில் ஊற்றினால் என்ன ஆகும்? மேட்டுத்தெருக்களின் தண்ணீரெல்லாம் ஊர்ச் சாக்கடை வழியாக ஒரே மூச்சில் பள்ளத்தெருவுக்கு ஓடியது. அங்கே தொட்டிகள் நிரம்பி, கழிவுநீர் போன வழியிலேயே திரும்பி, கோப்பைகளின் வழியாக வீட்டுக்குள் எட்டிப் பார்த்தது. தணிகாசலத்தின் செம்பு இனி எதற்கும் உதவாது.

செய்தி கேட்டதும் வச்சிரவேலர் பல்லக்கை எடுக்கச் சொன்னார். சகலை வீட்டு வாசலில் இறங்கி நின்றார். உள்ளேயிருந்து அடித்தது. அவர் வீட்டில் அடிப்பதைவிட ஒரு பங்கு கூடவே அடித்தது. அமைச்சர் கண்ணை மூடிக்கொண்டு நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார். அவ்வளவு ஆழமாக அவர் அதுவரை மூச்சு விட்டதே இல்லை. கூட வந்த வீரர்கள், தலைவர் மக்களின் துன்பத்தைத் தன்னுள் வாங்கிக்கொள்கிறார் என்று நினைத்து அவர்களும் இழுத்தார்கள். ஒருவர் மயங்கி விழுந்தார்.

இனி சகலை வீட்டுக்கும் தன் வீட்டுக்கும் வித்தியாசம் இல்லை. குமுதவல்லி வீட்டில் இருப்பாள், மாமனார் குடையை மடக்கி மூலையில் வைப்பார் என்ற எண்ணத்தோடு, அமைச்சர் வழியெல்லாம் புன்னகை செய்துகொண்டே திரும்பினார்.

இதற்குள் அரண்மனைக்கே பேச்சு எட்டிவிட்டது. மன்னர் கேட்டார்: "வச்சிரவேலரே, நாட்டில் ஏதோ நாறுகிறது என்கிறார்களாமே? எனக்கு ஒன்றும் தெரியவில்லையே?"

"மன்னர் மூக்குக்குத் தெரியாத ஒன்று மக்கள் மூக்குக்கு எப்படித் தெரியும்? எதிரிகள் பரப்பும் வதந்தி, அரசே."

"அப்படியா, மகிழ்ச்சி. அதை நிறுத்திவிடுங்கள்."

வதந்தியை நிறுத்துவதற்காக வந்ததுதான் நறுமணப் பாதுகாப்புச் சட்டம். தாழை மணக்கும் நாட்டில் நாறுகிறது என்று சொல்வது குற்றம். யார் கேட்டாலும், எங்கே கேட்டாலும், சொல்ல வேண்டிய பதிலையும் சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள்: "மணமாக இருக்கிறது." குழந்தைகளுக்குப் பள்ளியில் மனப்பாடம் செய்வித்தார்கள். கடைத்தெருவில் இரண்டு பேர் சந்தித்தால், "மணமாக இருக்கிறது" என்று ஒருவர் சொல்ல, "மணமாக இருக்கிறது" என்று மற்றவர் சொல்லிவிட்டு, அவசரமாகப் பிரிந்து போனார்கள். அமைச்சர் பல்லக்கில் போகும்போது தெருவின் இரண்டு பக்கமும் மக்கள் நின்று அதையே ஒரே குரலில் சொன்னார்கள். அந்த வருடத் தேர்தலில் வச்சிரவேலருக்கு எதிராக ஒரு வாக்குகூட விழவில்லை. அவரை முதலமைச்சராக்கினார் மன்னர்.

வெற்றி மாலையோடு வீட்டுக்கு வந்தவர் முதலில் தேடியது மனைவியைத்தான். கூடத்தில் இல்லை. சமையலறையில் இல்லை. குடையும் இல்லை. வேலைக்காரியைக் கேட்டார். அவள் பதறிப்போய், "மணமாக இருக்கிறது" என்றாள்.

பல்லக்கு பள்ளத்தெருவுக்குப் போனது. நல்ல பகல். வாசல் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே பேச்சுக் குரல் கேட்டதால் அமைச்சர் வீரர்களை நிறுத்திவிட்டுத் தனியாகப் படியேறி நின்றார்.

"அய்யய்யோ, இன்னிக்கு நேத்துக்கும் மேல நாறுதுடி நீலா!" என்றது குமுதவல்லியின் குரல்.

"கோட்டையில யானை செத்துக் கிடந்தப்பகூட இப்படி நாறலம்மா!" என்றார் மாமனார்.

"மாமா, மெதுவா. படைக்காரங்க காதுல விழப்போகுது" என்றார் தணிகாசலம். சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நான்கு பேரும் மூக்கைப் பொத்திக்கொண்டு, வயிறு குலுங்கச் சிரித்தார்கள். குமுதவல்லி அப்படிச் சிரித்து வச்சிரவேலர் பார்த்து எத்தனையோ காலமாகிவிட்டது. அவர் வீட்டில் அவள் சிரித்தாளா என்றே நினைவில்லை.

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். சிரிப்பு நின்றது. மூக்கிலிருந்து கைகள் இறங்கின.

"குமுதம், வா போகலாம். இங்க ஏன் உக்காந்திருக்க? இங்கயும் நம்ம வீடு மாதிரியே தானே..." சொல்லக்கூடாத சொல் வாய்வரை வந்துவிட்டதால் அவர் அங்கேயே நிறுத்திக்கொண்டார்.

"ஆமாங்க. இங்கயும் நாறுது" என்றாள் குமுதவல்லி. "ஆனா இங்க நாறுதுன்னு சொல்லலாம்."

தணிகாசலம் ஒரு பாயை எடுத்து விரித்தார். "உக்காருங்க சகலை. வீட்டுக்குள்ள யாரு கேக்கப் போறா? நீங்களும் ஒரு தடவ சொல்லிட்டுப் போங்க. நெஞ்சு லேசாயிரும்."

வச்சிரவேலருக்குச் சொல்ல ஆசையாக இருந்தது. பாயில் உட்கார்ந்து, மாமனார் பக்கத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு, எவ்வளவு நாற்றம் என்று வாய்விட்டுச் சொல்லிச் சிரிக்க அவ்வளவு ஆசையாக இருந்தது. குழாய்மேல்கூட அவருக்கு இவ்வளவு பொறாமை வந்ததில்லை. குழாயை அறுத்துவிடலாம், மூடிவிடலாம். இதை எங்கே அறுப்பது? வாசலில் வீரர்களின் வேல் தரையில் தட்டும் ஓசை கேட்டது. அவர்களை அங்கே நிறுத்தியவர் அவர்தான்.

"எனக்கு மணமாக இருக்கிறது" என்று சொல்லிவிட்டு அவர் வெளியேறினார்.

இல்லத் தங்கல் ஒழுங்குச் சட்டம் அடுத்த கூட்டத்திலேயே நிறைவேறியது. அவரவர் வீட்டுக் காற்றை அவரவர் வீட்டில் இருந்தே சுவாசிக்க வேண்டும். உறவினர் வீட்டுக்குப் போவதற்கும், அங்கே உட்காருவதற்கும், இரண்டு குடும்பத்தார் ஒரே அறையில் சிரிப்பதற்கும் முன் அனுமதி வேண்டும். சட்டம் வெளியான அன்றே ஆபத்சகாயம் குடையை எடுத்துக்கொண்டு எல்லை தாண்டிப் போய்விட்டார். பக்கத்து நாட்டில் நல்ல புதராகப் பார்த்து உட்கார்ந்துகொள்வதாகக் காவலர்களிடம் உரக்கச் சொல்லிவிட்டுப் போனாராம். குமுதவல்லியை வீரர்கள் மரியாதையோடு பல்லக்கில் ஏற்றி, வச்சிர விலாசத்தில் கொண்டுவந்து விட்டார்கள்.

முதலமைச்சர் கூடத்தில் காத்திருந்தார். புதுவேட்டி கட்டியிருந்தார். அவள் வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"வந்துட்டியா குமுதம். நம்ம வீடு எப்படி இருக்கு?"

"மணமாக இருக்கிறது."

அவர் இத்தனை சட்டம் போட்டதும் இந்த ஒரு பேச்சைக் கேட்கத்தான். கேட்டுவிட்டார். ஆனால் அவள் வீட்டில் ஒருநாளும் அப்படிப் பேசுகிறவள் அல்ல. சட்டத்தில் எழுதியிருந்ததை எழுத்துப் பிசகாமல் சொன்னாள்.

"சாப்டியா?"

"மணமாக இருக்கிறது."

"என்மேல கோவமா?"

"மணமாக இருக்கிறது."

பல்லக்கில் போகும்போது தெருவின் இரண்டு பக்கமும் கேட்கிற குரல் அதுதான். அதே பணிவு, அதே வேகம். ஒரு வாக்குகூட எதிராக விழாத அந்தத் தேர்தலில், விழுந்த வாக்குகள் அத்தனையும் இந்தக் குரலில்தான் விழுந்திருக்கும் என்று வச்சிரவேலருக்கு அப்போதுதான் தோன்றியது. அவர் எழுந்து போய் வீரர்களை வெளியே அனுப்பினார். வேலைக்காரர்களை அனுப்பினார். கதவைச் சாத்தித் தாழிட்டார். திரும்பி வந்து மனைவிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தார்.

"இப்ப யாரும் இல்ல குமுதம். முதலமைச்சர் கேக்கல, உன் புருஷன் கேக்குறேன். இங்க நாறுதுன்னு சொல்லேன். ஒரே ஒரு தடவ. என்னத் திட்டியாவது சொல்லேன்."

குமுதவல்லி சாத்திய கதவைப் பார்த்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். உண்மையிலேயே கேட்கிறாரா, சோதித்துப் பார்க்கிறாரா என்று தெரியாதபோது தாழைநாட்டுக் குடிமக்கள் எப்படிப் பார்ப்பார்களோ, அப்படிப் பார்த்தாள்.

"மணமாக இருக்கிறது" என்று சொல்லிவிட்டு, கால்களை மடக்கி இன்னும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டாள்.